பலெர்மோவிலிருந்து ரோமுக்கு: கப்பலேறும் புகையிரதம்

அண்மையில் வந்து சியாகுல்லியிலும் அயலிலும் குடியேறியிருக்கும் எமது குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ரோமுக்கு எப்படிப் போவது?" என்பதுதான். சிலருக்குக் கடவுச்சீட்டு அலுவல். சிலருக்கு மிலானிலோ பொலோஞ்ஞாவிலோ ரெஜ்ஜோ எமிலியாவிலோ இருக்கிற அண்ணனையோ மச்சாளையோ பார்க்க வேண்டும். இன்னும் சிலருக்கு வடக்கே வேலை கிடைக்குமா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவர ஆசை.

விமானம் இருக்கிறது. முன்கூட்டியே பதிந்தால் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் நாளை வா என்று இன்று தகவல் வரும் வாழ்க்கை எங்களுடையது. அப்படி அவசரமாகப் பதியும்போது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு விமானச் செலவு தாங்காது. அதோடு பெட்டி, பார்சல், தள்ளுவண்டி, வயது போனவர்கள். ஆகவே பலர் கடைசியில் புகையிரதத்துக்குத்தான் வருகிறார்கள். அந்தப் புகையிரதம் எங்கே தொடங்குகிறது, எந்த ஊர்களால் போகிறது, கடலை எப்படிக் கடக்கிறது, அதில் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்க விரும்பினோம்.

சியாகுல்லியின் கீழே ஓடும் பாதை

சியாகுல்லி என்ற பெயரைப் பலெர்மோக்காரர் இரண்டு காரியங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, இங்கே விளையும் பிந்திய மண்டரீனோ. தோடை இனத்தைச் சேர்ந்த அந்தப் பழம் மற்ற மண்டரீன்கள் முடிந்த பிறகு, ஜனவரி தொடங்கி மார்ச் வரையில் பழுக்கும். தோல் மெல்லியது, விதை குறைவு, நல்ல இனிப்பு. மற்றது துக்கமான செய்தி. 1963 ஜூன் 30 ஆம் திகதி வெடிமருந்து ஏற்றப்பட்ட ஒரு கார் இங்கே வெடித்து, கடமையில் வந்த பொலிசாரும் கராபினியேரிகளும் இராணுவத்தினருமாக ஏழு பேர் இறந்தனர். மாஃபியாவுக்கு எதிராக இத்தாலிய அரசு விழித்துக்கொண்டது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். நாம் குடியிருக்கும் ஊரும் பயத்தையும் இழப்பையும் அறிந்த ஊர்தான் என்பதைப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் இடையிலேதான் தண்டவாளம் ஓடுகிறது. சிசிலியின் முதலாவது புகையிரதப் பாதையே அதுதான். 1863 ஏப்ரல் 28 ஆம் திகதி பலெர்மோவிலிருந்து பகெரியா வரையில் அது திறக்கப்பட்டது. இலங்கையில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடியது 1864 இறுதியில். ஆக இந்தத் தீவும் எங்கள் தீவும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் புகையிரதத்தைக் கண்டன. வடகரை வழியாக மெசீனா வரையுள்ள பாதை முழுதாக முடிந்தது 1895 இல். எங்கள் பக்கத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை நேராக வண்டி ஓடத் தொடங்கியது 1905 இல்.

ரோமுக்குப் போகிறவர்கள் ஏறவேண்டிய இடம் பலெர்மோ சென்ரால். 1886 இல் திறக்கப்பட்ட பழைய நிலையம் அது. பாதை இதற்கு அப்பால் போவதில்லை. எல்லா வண்டிகளும் முகத்தைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல நிற்கும். சியாகுல்லியிலிருந்து நகரப் பேருந்தில் வருகிறவர்கள் தெரு நெரிசலை எண்ணி ஒரு மணித்தியாலமாவது முந்தி வெளிக்கிட வேண்டும். நிலையத்தில் பெரிய பலகையைப் பாருங்கள். 'பார்தென்சே' என்றிருப்பது புறப்படும் வண்டிகள், 'அர்ரீவி' என்றிருப்பது வந்துசேரும் வண்டிகள். 'பினாரியோ' என்பதற்குக் கீழே இருக்கும் இலக்கம்தான் மேடை. அந்த இலக்கம் கடைசி நேரத்திலும் மாறும். அறிவிப்பு விளங்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சிசிலிக்காரர் கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள்.

வடகரை வழியே

பலெர்மோவிலிருந்து ரோம் வரை ஏறக்குறைய 900 கிலோமீற்றர். பகல் வண்டியில் பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் எடுக்கும். இரவு வண்டியில் ஏறினால் அடுத்த நாள் காலையில் ரோமில் இறங்கலாம். மிலான் வரை போகும் இரவு வண்டிக்கு இருபது மணித்தியாலத்துக்கும் மேல் செல்லும்.

முடிந்தால் முதல் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், இடப்பக்க யன்னலில் இருங்கள். மெசீனா வரையில் கடல் அந்தப் பக்கம்தான். பகெரியாவுக்கு முன்னர் பின்னால் திரும்பிப் பார்த்தால் குடாவுக்கு அப்பால் மொந்தே பெல்லெக்ரீனோ மலை தெரியும். எங்களவர்கள் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து, சைவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடில்லாமல் கால்நடையாக ஏறும் மலை அது. பயணம் போகும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளும் அம்மாமார் உண்டு.

தெர்மினி இமெரேசேயில் பெரிய தொழிற்சாலைக் கட்டடங்கள் தெரியும். 1970 முதல் ஃபியாற் கார்கள் செய்யப்பட்ட இடம். 2011 நவம்பரில் அது மூடப்பட்டு, அதை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையிழந்தன. இந்தத் தீவின் பிள்ளைகளே வேலை தேடி ஏன் வடக்கே போகிறார்கள் என்பதற்கு அந்த வெறும் கட்டடங்கள் விளக்கம்.

அடுத்தது செபாலு. பெரிய பாறையின் காலடியில் ஊர். 1131 இல் றொஜர் மன்னன் கட்டத் தொடங்கிய தேவாலயம் அங்கே இருக்கிறது. செபாலுவுக்கு அப்பால் வண்டி சுரங்கத்துக்குள் புகுவதும் வெளியே வருவதுமாக இருக்கும். காஸ்தெல்புவோனோவுக்கும் பாத்திக்கும் இடையில் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிர் வண்டிக்கு வழிவிட இடையில் ஒரு சிறிய நிலையத்தில் நிற்க நேரிடும். பழுதாகிவிட்டதோ என்று யோசிக்க வேண்டாம். அநுராதபுரத்துக்கு இப்பாலும் அப்பாலும் எங்கள் வண்டிகள் 'குறொசிங்' போட்டு நின்றதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

மட்பாண்டங்களுக்குப் பெயர்போன சாந்தோ ஸ்தெபானோ தி கமாஸ்திரா, பிறகு காப்போ தோர்லாந்தோ, பாத்தி. பாத்தியைக் கடந்ததும் மலைமுனையில் திந்தாரி மாதா கோவில் இருக்கிறது. அங்கே இருப்பது கறுப்பு மாதா. செப்டம்பர் 8 ஆம் திகதி பெருநாள். மடுமாதாவிடம் ஆவணித் திருநாளுக்குப் போய்ப் பழகிய எங்கள் குடும்பங்களுக்கு அந்தக் கறுத்த முகம் அன்னியமாகத் தோன்றாது. வண்டியிலிருந்து கோவிலைப் பார்ப்பது கஷ்டம், ஏனென்றால் பாதை அந்த மலையைக் குடைந்துகொண்டு போகிறது. கடலில் எயோலியத் தீவுகளைப் பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் ஸ்த்ரொம்போலி எரிமலையும் ஒரு கூம்பு மாதிரித் தெரியும்.

மிலாச்சோவைத் தாண்டி, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான பெலொரித்தானி சுரங்கத்தைக் கடந்தால் மெசீனா. 2001 இல் திறக்கப்பட்ட சுரங்கம் அது. அதற்கு முன்னர் வண்டிகள் மலையைச் சுற்றி ஏறி இறங்கி வந்தன.

தண்டவாளம் முடிந்து கடல் தொடங்கும் இடம்

மெசீனாவிலே பாதை முடிகிறது. முன்னால் கடல். நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் 3 கிலோமீற்றர் சொச்சம்தான். புகையிரதக் கப்பல் போகும் மெசீனாவுக்கும் வில்லா சன் ஜொவான்னிக்கும் இடையிலான தூரம் அதைவிடக் கூட.

இங்கே நடப்பது எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய காரியம். பயணிகளை இறக்கிவிட்டு வேறு வண்டியில் ஏற்றுவதில்லை. வண்டியையே துண்டு துண்டாகக் கழற்றி, ஒரு சிறிய இயந்திரத்தால் தள்ளி, கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றுவார்கள். கப்பலுக்குள்ளேயும் தண்டவாளம் போட்டிருக்கிறது. பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கும். பிறகு அவற்றைக் கட்டி இறுக்கிவிட்டுக் கப்பல் புறப்படும். கடலில் போகும் நேரம் அரை மணித்தியாலம் அளவுதான். கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம் வரை ஆகும்.

இந்த வேலை 1899 நவம்பர் 1 ஆம் திகதி தொடங்கியது. 'ஷில்லா', 'கரித்தி' என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் மெசீனாவிலிருந்து ரெஜ்ஜோவுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோயின. 1905 இல் வில்லா சன் ஜொவான்னித் துறையும் சேர்ந்தது. ஷில்லாவும் கரித்தியும் பழைய கிரேக்கக் கதைகளில் இந்த நீரிணையின் இரு கரைகளிலும் இருந்து மாலுமிகளை விழுங்கிய பூதங்களின் பெயர்கள். பயமுறுத்தியவற்றின் பெயரையே கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கும் இப்படி ஒரு பாதை இருந்தது. 1914 முதல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. கொழும்பில் றெயின் ஏறியவர் தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் றெயின் ஏறிச் சென்னைக்குப் போகலாம். அங்கே வண்டி கப்பலேறவில்லை, சனம்தான் மாறி ஏறியது. 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதமும் பயணிகளோடு கடலில் போனது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. பிறகு அந்தக் கடலை எங்கள் சனம் இரவில் வள்ளங்களில்தான் கடந்தது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், எம்முடன் இருப்பவர்களில் சிலருக்குக் கடலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். கப்பலின் அடித்தட்டில், பெட்டிக்குள், வெளிச்சம் குறைந்து இருக்கும்போது அவர்களுக்குப் பழைய நினைவுகள் வரலாம். அப்படியானவர்களை உள்ளே தனியே விடாதீர்கள். படியேறி மேல்தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கரையும் வெளிச்சத்தோடு கண்ணுக்கு முன்னால் தெரியும். அக்கரை அவ்வளவு கிட்ட இருப்பதைக் கண்டால் மனம் ஆறும். மெசீனாத் துறைமுக வாசலில் உயர்ந்த தூணின்மேல் பொன்னிற மாதா சிலை நிற்கிறது. நகரத்தை ஆசீர்வதிக்கும் கோலம். கப்பல் அதைக் கடந்துதான் வெளியேறும்.

அந்த நகரத்துக்கு ஆசீர்வாதம் தேவைப்பட்டது. 1908 டிசம்பர் 28 விடியப்புறம் ஐந்தரை மணியளவில் நிலம் நடுங்கி, அதைத் தொடர்ந்து கடலும் எழுந்தது. மெசீனாவும் எதிர்க்கரையில் ரெஜ்ஜோவும் தரைமட்டமாயின. இறந்தோர் 75,000 பேருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதியை மறக்காத எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்று நாம் காணும் மெசீனா அதற்குப் பிறகு மீண்டும் கட்டிய நகரம்.

கப்பலின் சிற்றுண்டிச்சாலையில் சோற்றை உருண்டையாக்கிப் பொரித்த பண்டம் விற்பார்கள். பலெர்மோவில் 'அரன்சீனா' என்பார்கள், மெசீனாவில் 'அரன்சீனோ' என்பார்கள். இதற்காகவே மேலே ஓடிவரும் சிசிலிக்காரர் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரரும் விரதக்காரரும் கவனிக்க வேண்டும்: 'ராகூ' என்றால் இறைச்சி, 'பூர்ரோ' என்றதிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

நீரிணையில் பாலம் போடுவதைப் பற்றி நெடுங்காலமாகக் கதைக்கிறார்கள். நடுவில் 3,300 மீற்றர் நீளமாகத் தொங்கும் பாலத் திட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அரசின் அமைச்சர் குழு அங்கீகாரம் கொடுத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 29 இல் கணக்காய்வு நீதிமன்றம் அந்த முடிவைப் பதிய மறுத்தது. பாலம் வரும்வரை இந்தக் கப்பல்தான் பாலம்.

கலாபிரியாவிலிருந்து ரோம் வரை

வில்லாவில் மீண்டும் பெட்டிகளைப் பூட்டியதும் வண்டி கடலோரமாக வடக்கே ஓடும். மீண்டும் இடப்பக்கம் கடல். ஷில்லா என்ற ஊர், அதன்பின் ஜோயா தௌரோ, ரொசார்னோ. இந்தச் சமவெளி தோடந்தோட்டங்களால் நிறைந்தது. பழம் பிடுங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர். 2010 ஜனவரியில் ரொசார்னோவில் அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, கலவரமாகி, பெருந்தொகையானோர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். எங்களைப் போலவே பிழைக்க வந்தவர்கள். நாம் மலிவாக வாங்கும் தோடம்பழத்துக்குப் பின்னால் ஒருவருடைய கூலி இருக்கிறது என்பதை இந்த இடத்தால் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

லமேசியாவைக் கடந்து பாவொலா. 1416 இல் இங்கே பிறந்த பிரான்சிஸ்கு என்ற துறவி, கடல் கடந்து சிசிலிக்குப் போக விரும்பியபோது, கையில் காசில்லை என்று படகுக்காரன் ஏற்ற மறுத்தானாம். அவர் தன் போர்வையைக் கடல்மேல் விரித்து அதிலேறிக் கடந்தார் என்பது ஐதீகம். இத்தாலிய மாலுமிகளின் காவலர் அவர்தான். படகுக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லாமல் கரையில் நின்ற அனுபவம் எங்களிலும் பலருக்கு உண்டு. பாவொலா நிலையத்தில் வண்டி நிற்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்ரி, சலேர்னோ, பிறகு வெசூவியோ எரிமலையின் அடிவாரத்தால் நாப்போலி. அங்கிருந்து போர்மியா வழியாக ரோமா தெர்மினி. தெர்மினிக்குக் கிட்ட, நடந்து போகும் தூரத்தில் எஸ்குயிலீனோ சந்தை இருக்கிறது. வெண்டிக்காய், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் வாங்கலாம். ரோமுக்கு அலுவலாகப் போய் மனம் களைத்துத் திரும்புகிறவர்களுக்கு அந்தச் சந்தை மணம் ஒரு மருந்து.

இந்தப் பாதையால் போனவர்கள்

இந்தத் தண்டவாளத்தில் முதலில் இடம்பெயர்ந்தவர்கள் நாம் அல்ல. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சிசிலியின் இளைஞர் கயிற்றால் கட்டிய மட்டைப் பெட்டியோடு தோரினோவுக்கும் மிலானுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். தோரினோவுக்கு ஓடிய வண்டியின் பெயர் 'சூரியப் புகையிரதம்'. மிலானுக்கு ஓடியது 'தெற்கின் அம்பு'. வடக்கே அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். இன்று எங்கள் வீட்டுக்காரராகவோ வேலை கொடுப்பவராகவோ இருக்கும் சிசிலி முதியவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டிலும் அந்த வண்டியில் அழுதுகொண்டு போன ஒருவர் இருப்பார்.

அடுத்ததாகப் போனவர்களில் நாமும் உண்டு. 1990 வரையில் இத்தாலி பொதுவாக ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களையே ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் அகதிகளாக ஏற்றது. 1990 பெப்ரவரி 28 ஆம் திகதிய 39 ஆம் இலக்கச் சட்டம், மார்தெல்லி சட்டம் என்று சொல்லப்படுவது, அந்த எல்லையை நீக்கியது. ஆனால் விண்ணப்பம் எங்கே கொடுத்தாலும் நேர்முக விசாரணை ரோமிலிருந்த மத்திய ஆணைக்குழுவில்தான். 2002 ஆம் ஆண்டின் 189 ஆம் இலக்கச் சட்டப்படி 2005 இல் ஏழு பிரதேச ஆணைக்குழுக்கள் தொடங்கின. சிசிலியில் சிராக்கூசாவிலும் திராப்பானியிலும் அவை அமைந்தன. அதற்கு முந்திய ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், பலெர்மோவிலிருந்த ஓர் அகதி தன் கதையைச் சொல்லக் கடல் கடந்து 900 கிலோமீற்றர் போக வேண்டியிருந்தது. இரவு வண்டியில் நித்திரையில்லாமல், என்ன கேட்பார்கள், எந்தத் திகதியை முதலில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவர்களின் பாதை இது. அவர்களில் பலர் இன்று இங்கே பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அவர்களிடம் கதை கேட்க வேண்டும்.

வண்டி நின்றால் என்ன நடக்கும்

சில இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள், இவ்வளவு மெதுவான வண்டியைப் பற்றி ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று. பதில் யாழ்தேவியில் இருக்கிறது.

1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்பில் உத்தியோகம், ஊரில் குடும்பம் என்ற எங்கள் வாழ்க்கை முறையையே அது கொண்டு நடத்தியது. காங்கேசன்துறையில் ஏறினால் சாவகச்சேரி, ஆனையிறவு, கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், வவுனியா என்று ஒவ்வொரு பெயரும் மனப்பாடம். முருங்கைக்காயும் மாம்பழமும் பனங்கட்டிக் குட்டானும் அதில்தான் கொழும்புக்குப் போயின. 1985 ஜனவரி 19 இல் முறிகண்டிக்கு அருகில் அந்த வண்டி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. படையினரோடு பொதுமக்களும் இறந்தார்கள். 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் அடியோடு நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டு, பதுங்குகுழிகளுக்கு மேல் மூடியாகின. பாதை இருந்த இடத்தில் பற்றை முளைத்தது. 2014 ஒக்டோபர் 13 இல்தான் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில்.

இருபத்துநான்கு ஆண்டுகள். அந்தக் காலத்தில் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் போனவர்கள் எத்தனை பேர், மருந்துக்குப் போகமுடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியும். நாளாந்தம் ஓடும் வண்டி என்றால், இன்று தவறினாலும் நாளைக்குப் போகலாம் என்ற நிச்சயம். அந்த நிச்சயம் இல்லாமல் போனபோதுதான் வடக்கும் தெற்கும் இரண்டு உலகங்களாயின. வேகம் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியது.

இங்கேயும் அந்த நிச்சயம் தானாக நிலைப்பதில்லை. 2011 டிசம்பரில் இத்தாலியின் நீண்டதூர இரவு வண்டிகளில் பல வெட்டப்பட்டன. சூரியப் புகையிரதமும் தெற்கின் அம்பும் அந்த ஆண்டோடு முடிந்தன. வேலையிழந்த இரவு வண்டி ஊழியர் சிலர் மிலான் நிலையக் கோபுரத்தில் ஏறிக் குளிரில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மிஞ்சிய வண்டிகள்தான் இன்று எங்களை ஏற்றிப் போகின்றன. சனம் ஏறினால் வண்டி ஓடும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ரோமில் முக்கியமான அலுவல் இருந்தால் முதல்நாளே போய்ச் சேருங்கள். கடல் கொந்தளிப்பு, பாதை வேலை, வேலைநிறுத்தம் எதுவும் வண்டியைப் பிந்தச் செய்யலாம். 'ஷோப்பெரோ' என்றால் வேலைநிறுத்தம். பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்னரே அறிவிப்பார்கள். கோடையில் பாதை திருத்த வேலையால் ஓட்டம் மாறுவதும் உண்டு. ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள்.

2. இன்ரர்சிற்றி வண்டியில் இருக்கை இலக்கம் ரிக்கற்றிலேயே இருக்கும். முத்திரை குத்தத் தேவையில்லை. ஆனால் 'ரெஜியொனாலே' வண்டிக்குக் கடதாசி ரிக்கற் எடுத்தால், ஏறுமுன் மேடையிலுள்ள இயந்திரத்தில் குத்த வேண்டும். மறந்தால் தண்டம்.

3. பிள்ளைகளுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. குடும்பத்துக்கான சலுகை இருக்கிறதா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

4. இரவு வண்டியில் 'குச்செத்தா' என்பது படுக்கை அறை. தனியே போகும் பெண்கள் பெண்களுக்கென்று ஒதுக்கிய அறை கிடைக்குமா என்று கேட்கலாம்.

5. கப்பலில் மேல்தட்டுக்குப் போகுமுன் உங்கள் பெட்டியின் இலக்கத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே பெட்டிகள் பல வரிசையில் நிற்கும், திரும்பி வரும்போது குழம்பும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பெறுமதியான சாமானையும் பத்திரங்களையும் உடன் கொண்டு போங்கள்.

6. திரும்பி வரும்போது மிக முக்கியம்: வில்லா வரை ஒன்றாக வரும் வண்டி மெசீனாவில் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி பலெர்மோவுக்கு, மற்றது கத்தானியா வழியாகச் சிராக்கூசாவுக்கு. வெறும் இருக்கை கண்டோம் என்று வேறு பெட்டிக்கு மாறி உறங்கினால் விடியும்போது கத்தானியாவில் இருப்பீர்கள்.

7. 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' அல்லது அதற்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். பொலிசார் கேட்டால் பதற்றப்படாமல் காட்டுங்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்கள் இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டுப் புதுப்பிக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். அது உங்கள் அகதி நிலையைப் பாதிக்கலாம். அவர்களுக்குரிய பிரயாணப் பத்திரத்தைக் குவெஸ்தூராவில் பெறலாம்.

8. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் ஐரோப்பிய விதிப்படி ரிக்கற் விலையில் கால்வாசியையும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் அரைவாசியையும் திருப்பிக் கேட்கலாம். ரிக்கற்றை எறிந்துவிடாதீர்கள்.

9. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புட்டும் சம்பலும் மத்தியானம் வரை தாங்கும். தண்ணீர் கூடவே வையுங்கள். பெட்டிக்குள் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பங்கு நீட்டுங்கள். சிசிலிக்காரரும் அப்படித்தான் செய்வார்கள். மாரி காலம் என்றால் சியாகுல்லி மண்டரீனோ ஒரு பை கொண்டு போனால் வடக்கே இருக்கும் உறவினருக்கு அதைவிட நல்ல கையுறை இல்லை.

இந்தப் பாதையில் முதன்முறை போகும் குடும்பங்கள் திரும்பி வந்ததும் எங்களோடு கதையுங்கள். எந்த நிலையத்தில் என்ன மாறியிருக்கிறது, எங்கே எது கஷ்டமாக இருந்தது என்பதைச் சொன்னால், அடுத்து வரும் குடும்பத்துக்கு அது உதவும். எல்லோருடைய பயணமும் நல்லபடி அமையட்டும்.